தம்பியின் பாட்டு, அக்காவின் கார்டு

கேள்வி: கடலூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ரூ.32,000. தம்பி விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறான். நண்பர்கள் மூவருடன் சேர்ந்து, அவர்களே இசையமைத்துப் பதிவுசெய்த பாட்டுக்கு வீடியோ எடுக்கப்போகிறான். கடற்கரையில் அஸ்தமனம், எங்கள் மொட்டைமாடியில் இரவுக் காட்சி என்று திட்டம். கேமரா, லென்ஸ், கேமரா குலுங்காமல் பிடிக்கும் கிம்பல், ஆயிரம் வாட் விளக்கு இரண்டு, காலர் மைக் என ரூ.1,94,000-க்குப் பட்டியல் தந்திருக்கிறான். என் கிரெடிட் கார்டில் 24 மாதத் தவணையாகப் போட்டுவிடலாம் என்கிறான். போன வருடம் வாங்கிய ட்ரோனுக்காகக் கார்டில் ஏற்கெனவே ரூ.46,000 பாக்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருகிறேன். அவனுடைய லேப்டாப் தவணை ரூ.4,200, இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார். கல்யாண வீடியோ எடுத்தே மீட்டுவிடலாம் என்பது சித்தப்பாவின் யோசனை. கார்டா, நகைக்கடனா?

பதில்: இரண்டும் வேண்டாம். எதில் வட்டி குறைவு என்று கணக்காளருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. வாங்குவது தம்பி, மாதம் பிறந்தால் கட்டுவது நீங்கள். லேப்டாப் அப்படி வந்தது, ட்ரோன் அப்படி வந்தது, இப்போது கேமரா. அந்த ட்ரோன் இதுவரை எத்தனை முறை பறந்தது என்று கேட்டுப்பாருங்கள்.

ரூ.1,94,000-க்கு 16% வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் ரூ.9,500. வட்டிக்கு 18% ஜிஎஸ்டி தனி, சராசரியாக ரூ.9,750 ஆகும். லேப்டாப்புக்கு ரூ.4,200, கார்டு பாக்கிக்கு ரூ.2,300. மொத்தம் ரூ.16,250. உங்கள் சம்பளத்தில் பாதி போய்விட்டது. ‘வட்டியில்லாத் தவணை’ என்று கடைக்காரர் சொன்னாராமா? பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியை மறைத்துவிட்டு அதையே சலுகை என்று விற்கிறார்கள். விளம்பரத்தில் வருகிற சொல்லுக்கெல்லாம் நாம் தவணை கட்ட முடியாது.

இனி அந்தப் பட்டியல். எங்கே, எந்த நேரத்தில் எடுக்கப்போகிறோம் என்று முடிவானால்தான் என்ன விளக்கு வேண்டும் என்பது தெரியும். விளக்கு தெரிந்த பிறகுதான் வாடகைப் பட்டியல். உங்கள் தம்பி கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருக்கிறார். கடற்கரையில் அஸ்தமனம் என்கிறாரே, கடலூரில் சூரியன் கடலில் எழும். மறைவது ஊருக்குப் பின்னால். ஒரு நாள் விடிகாலை ஐந்தரைக்கு சில்வர் பீச்சுக்குப் போய், செல்போனிலேயே நாலு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கிற வெளிச்சம் காசில்லாதது. முகத்தில் நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். பெரிய படப்பிடிப்புகளிலும் அதைத்தான் பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் கூட்டமும் குறைவு. ஆனாலும் கல்லூரிக் கடிதத்தோடு போய் மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் வாடகை வீண்.

மொட்டைமாடிக் காட்சிக்கு ஆயிரம் வாட் விளக்கு இரண்டு என்றால் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டின் சாதாரண 5 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. எல்.இ.டி. விளக்கை வாடகைக்கு எடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை. காலர் மைக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைக்க ஒரு ஸ்பீக்கர் போதும்.

இரண்டு நாளுக்குத் தோராயக் கணக்கு: கேமராவும் லென்ஸும் நாளொன்றுக்கு ரூ.2,500, விளக்குகள் ரூ.2,000, கிம்பல் ரூ.800, ஆக ரூ.10,600. எட்டுப் பேர் சாப்பாடு ரூ.4,000, வண்டி, பெட்ரோல் ரூ.2,500, இதர செலவு ரூ.3,000. மொத்தம் ரூ.20,100. நால்வர் பங்கிட்டால் தலைக்கு ரூ.5,000 சொச்சம். வாடகை ஊருக்கு ஊர் மாறும்; எல்லாமே இரட்டிப்பானாலும் தம்பியின் பங்கு கேமராவின் ஒரு மாதத் தவணையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இதற்கும் முன்னால் கல்லூரியின் உபகரண அறையில் கேட்கச் சொல்லுங்கள். விஸ்காம் துறைகள் பலவற்றில் கேமராவும் விளக்கும் இருக்கும். கட்டணம் கட்டிய மாணவர் அதை எழுதிக் கேட்டு வாங்குவதில் கூச்சம் எதற்கு?

ரூ.46,000 பாக்கிதான் அவசரம். மாதம் 3.5% வட்டி என்றால் சுமார் ரூ.1,600, ஜிஎஸ்டியோடு ரூ.1,900. நீங்கள் கட்டும் ரூ.2,300-ல் அசலுக்குப் போவது ரூ.400. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 14% அளவில் ஓராண்டுத் தனிநபர் கடன் கிடைத்தால் அதை அடைத்துவிடலாம், தவணை ரூ.4,130 அளவில் வரும். லேப்டாப்போடு சேர்த்து ரூ.8,330. ஐந்து மாதம் நெருக்கடிதான், பிறகு மூச்சு விடலாம். ஆனால், கடன் வந்த அன்றே கார்டு செயலியில் இணையப் பரிவர்த்தனையை அணைத்துவிட வேண்டும். தம்பியின் போனில் ஷாப்பிங் செயலிகளில் சேமித்துவைத்திருக்கும் உங்கள் கார்டையும் நீக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லை என்றால் தனிநபர் கடனும் எடுக்காதீர்கள், இரண்டு கடனாகிவிடும். தம்பிக்கு ஒருமுறை ரூ.6,000 பணமாகக் கொடுங்கள். தவணை தவறினால் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலில் கெடுவது உங்கள் பெயர், அவர் பெயர் அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். சித்தப்பா மறுபடி கல்யாண வீடியோ பேச்சை எடுத்தால், தம்பி முதல் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிவரட்டும், பிறகு கேமராவைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லுங்கள். அந்தக் கல்யாணத்தையும் வாடகைக் கேமராவில் எடுக்கலாம்.