காலை ஒன்பது மணிக்குத் திணறும் சர்வர்: கெர்னலின் நினைவக மீட்பை எங்கே, எப்படிப் பார்ப்பது?

மொரீஷியசின் காத்ர் போர்ன் நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், கியூர்பிப் கிளைகள் மூன்றும் பிரான்சில் வாடகைக்கு எடுத்துள்ள ஒரே லினக்ஸ் சர்வரில்தான் வேலை செய்கின்றன. 8 ஜிபி நினைவகம், 2 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி), போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அக்டோபர் இறுதியிலிருந்து தினமும் காலை 9 மணிக்கு அரை மணி நேரம் பில் போடவே முடிவதில்லை. காலி நினைவகம் எப்போது பார்த்தாலும் 200 எம்பி அளவில்தான் இருக்கிறது. நண்பர் சொன்னபடி மணிக்கொரு முறை கேஷைக் காலி செய்யும் கட்டளையைக் க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் வசதி) போட்டும் பயனில்லை. கெர்னல் நினைவகத்தை மீட்பதை எப்படிக் கண்காணிப்பது? கூடுதல் நினைவகம் வாங்கத்தான் வேண்டுமா?"

முதல் வேலையாக அந்தக் க்ரான் வரியை எடுத்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் தன் சொந்த இடையகத்துக்கு மொத்த நினைவகத்தில் கால் பங்கு அளவையே எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது வழக்கம். மீதித் தரவுக் கோப்புகளை, லினக்சின் மையப் பகுதியான கெர்னலின் பக்கக் கேஷ்தான் (வட்டிலிருந்து படித்தவற்றின் பிரதியை 'பக்கம்' எனப்படும் சிறு துண்டுகளாக நினைவகத்தில் வைத்திருப்பது) வைத்துக் காக்கிறது. அதை மணிக்கு மணி வெளியே கொட்டினால், அடுத்து வரும் ஒவ்வொரு தேடலும் வட்டுக்குப் போய் அதே பக்கங்களை மறுபடி படித்து வர வேண்டியிருக்கும். டிராப் கேஷஸ் என்னும் அந்த வசதி சோதனைக்கும் பிழை தேடுவதற்கும் வைக்கப்பட்டதேயன்றி, அன்றாடப் பராமரிப்புக்கு உரியதன்று. மேலும், அது இயங்கிக்கொண்டிருக்கும் வரை நாம் கீழே எடுக்கப்போகும் அளவீடுகளும் நம்பத்தக்கவையாக இரா.

காலி நினைவகம் குறைவாக இருப்பது கெர்னல் தன் கடமையைச் செய்கிறது என்பதற்கே அடையாளம். சும்மா கிடக்கும் நினைவகத்தால் யாருக்கும் பயனில்லை என்பதால், படித்த கோப்புகளையெல்லாம் அது கேஷில் வைத்துக்கொள்கிறது. ஆகவே ஃப்ரீ கட்டளையில் 'காலி' என்ற பத்தியை விட்டுவிட்டு 'அவைலபிள்' என்ற பத்தியைப் பாருங்கள். ஸ்வாப்புக்குப் போகாமல் புதிய வேலைகளுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று கெர்னல் தானே கணிக்கும் அளவு அது. 2014இல் வெளிவந்த 3.14 பதிப்பு முதல் இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு கணத்தின் நிலையை மட்டுமே காட்டும். உங்கள் சிக்கல் அரை மணி நேரம் நடக்கும் ஓர் ஓட்டம் என்பதால், மீட்பு, அதாவது பக்கங்களை விடுவித்து நினைவகத்தில் இடம் உண்டாக்குவது, யாரால், எவ்வளவு சிரமத்துடன் நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மீட்பு இரண்டு வழிகளில் நடக்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் கெர்னல் மூன்று நீர்மட்டங்களை வைத்திருக்கிறது: மின், லோ, ஹை. காலிப் பக்கங்கள் லோ மட்டத்துக்குக் கீழே போனதும் கேஸ்வாப்டி என்னும் பின்னணி இழை விழித்து, நெடுநேரம் தொடப்படாத பக்கங்களைத் தேடி விடுவித்து, ஹை மட்டம் வந்ததும் மீண்டும் உறங்கிவிடும். இது உங்கள் பயனர்களுக்குத் தெரியவே தெரியாது. கேஸ்வாப்டியின் வேகத்தை மிஞ்சித் தேவை வந்து காலிப் பக்கங்கள் மின் மட்டத்தைத் தொட்டுவிட்டால், நினைவகம் கேட்ட ப்ராசஸே (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலே) தன் வேலையை நிறுத்திவிட்டு மீட்பில் இறங்க நேரிடும். இதுதான் நேரடி மீட்பு. மருந்துக் கடையில் பில் போடுகிறவரே வரிசையை நிற்கவைத்துவிட்டுக் கிடங்கில் பெட்டிகளை ஒதுக்கப் போவதற்கு ஒப்பானது இது. உங்கள் கிளைகளில் ஒன்பது மணிக்கு உணரப்படும் திணறல் இதனால் வந்ததா என்பதே முதற்கேள்வி.

அதற்கான விடை, கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் உள்ள விஎம்ஸ்டாட் கோப்பில் இருக்கிறது. (அதே பெயரில் ஒரு கட்டளையும் உண்டு, நான் சொல்வது கோப்பை.) அதிலுள்ள எண்கள் சர்வர் தொடங்கிய நாளிலிருந்து கூடிக்கொண்டே வருபவை, தனியாக ஓர் எண்ணைப் பார்த்து அஞ்சவோ ஆறுதல் கொள்ளவோ கூடாது. நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கோப்பை நேரத்தோடு சேர்த்துச் சேமிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, அடுத்தடுத்த இரு பதிவுகளின் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். பிஜிஸ்கேன் என்று தொடங்குபவை கெர்னல் எத்தனை பக்கங்களைப் பரிசோதித்தது என்பதையும், பிஜிஸ்டீல் என்று தொடங்குபவை அவற்றில் எத்தனையை உண்மையில் மீட்டது என்பதையும் சொல்லும். இரண்டுக்கும் கேஸ்வாப்டி, டைரக்ட் என்ற தனித்தனி வரிகள் உண்டு. அலாக்ஸ்டால் என்று தொடங்கும் வரிகள், நினைவகம் கேட்ட ப்ராசஸ்கள் நேரடி மீட்புக்குள் எத்தனை முறை தள்ளப்பட்டன என்பதன் எண்ணிக்கை.

எடுத்துக்காட்டாக, ஒரு நிமிடத்தில் கேஸ்வாப்டி 1,80,000 பக்கங்களைப் பரிசோதித்து 1,75,000 பக்கங்களை மீட்டது, டைரக்ட் வரிகள் அசையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கம் ஒன்றுக்கு 4 கேபி என்ற கணக்கில் சுமார் 680 எம்பி கைமாறியிருக்கிறது. எண் பெரிதாகத் தோன்றினாலும், பரிசோதித்தவற்றில் 97 சதவீதம் உடனே கிடைத்ததால் கெர்னலுக்கு எந்தச் சிரமமும் இல்லை. அதே நிமிடத்தில் 9,00,000 பரிசோதித்து 1,80,000 மட்டுமே மீட்டு, அலாக்ஸ்டாலும் ஏறியிருந்தால் நிலைமை வேறு: ஐந்து பக்கங்களைப் புரட்டினால் ஒன்றுதான் தேறுகிறது, அதுவும் போஸ்ட்கிரெசின் நேரத்தைத் தின்றுகொண்டே.

இதைவிடவும் நான் மதிக்கும் எண் ஒன்று இருக்கிறது. வொர்க்கிங்செட் ரீஃபால்ட் ஃபைல் என்ற வரி, கேஷிலிருந்து வெளியேற்றப்பட்ட கோப்புப் பக்கங்கள் மீண்டும் தேவைப்பட்டுத் திரும்பி வந்ததைக் கணக்கிடுகிறது. (5.9க்கு முந்தைய கெர்னல்களில் ஃபைல், அனான் (ப்ராசஸ்களின் சொந்தத் தரவு) என்ற பிரிவு இல்லாமல் ஒரே வரியாக இருக்கும்.) பக்கத்தை வெளியேற்றும்போது கெர்னல் அதன் இடத்தில் ஒரு சிறு அடையாளத்தை விட்டுச் செல்கிறது, பக்கம் திரும்பும்போது அந்த அடையாளத்தைக் கொண்டு இதை அறிகிறது. ரீஃபால்ட் உயராமல் மீட்பு மட்டும் நடந்தால், யாருக்கும் வேண்டாத பக்கங்களே வெளியேறுகின்றன என்று பொருள். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால், வேலைக்கு அன்றாடம் தேவையான பக்கங்களே வெளியே போய்த் திரும்பிக்கொண்டிருக்கின்றன. டிராப் கேஷஸ் வழியாகக் கொட்டப்படும் பக்கங்களுக்கு இந்த அடையாளம் வைக்கப்படுவதில்லை என்பதால், உங்கள் க்ரான் வரி சேதத்தை உண்டாக்கியதோடு அதன் தடயத்தையும் அழித்துக்கொண்டிருந்தது. டிராப் பேஜ்கேஷ் என்ற வரியும் அதே கோப்பில் இருக்கிறது. வேறு யாரேனும் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறார்களா என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

பயனர் உண்மையில் எவ்வளவு காத்திருக்கிறார் என்பதை அளக்க, ப்ராக் அடைவின் பிரஷர் என்ற துணை அடைவில் மெமரி என்ற கோப்பு 4.20 பதிப்பு முதல் இருக்கிறது. சில லினக்ஸ் விநியோகங்களில் இது அணைத்து வைக்கப்பட்டிருக்கும்; துவக்க அளவுருவில் பிஎஸ்ஐ=1 என்று சேர்த்தால் செயற்படும். 'சம்' என்ற வரி குறைந்தது ஒரு பணியாவது நினைவகத்துக்காகக் காத்திருந்த நேரத்தையும், 'ஃபுல்' என்ற வரி வேலை இருந்த பணிகள் அனைத்துமே ஒரே நேரத்தில் காத்துக்கிடந்த நேரத்தையும் சதவீதத்தில், கடந்த 10, 60, 300 விநாடிகளின் சராசரியாகக் காட்டும். ஃபுல் வரியில் பத்து விநாடிச் சராசரி பூச்சியத்தை விட்டு எழுந்து நீடித்தால் அதுவே எச்சரிக்கை மணி. காலி நினைவகத்தின் அளவுக்கு எச்சரிக்கை வைத்திருப்பவர்கள் அதை நீக்கிவிட்டு இதற்கு வைப்பது நல்லது.

நேரடி மீட்பில் சிக்கியது எந்த ப்ராசஸ் என்று பெயரோடு தெரிய வேண்டுமானால், கெர்னலைக் கண்காணிக்க உதவும் பிசிசி கருவித் தொகுப்பில் உள்ள டிஆர்ஸ்னூப் ஒவ்வொரு நிகழ்வையும் ப்ராசஸ் பெயர், எடுத்த மில்லிவிநாடி, மீட்ட பக்கங்கள் ஆகியவற்றோடு வரிசையாக அச்சிடும். காலை 8:45 முதல் 9:45 வரை மட்டும் ஓடவிட்டால் போதும்.

இனி உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட சொல்லுக்கு வருகிறேன்: 'அக்டோபர் இறுதியிலிருந்து'. பிரான்சில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். மொரீஷியசில் நாம் அப்படிச் செய்வதில்லை. கோடையில் இரண்டு மணி நேரமாக இருக்கும் இடைவெளி அன்று முதல் மூன்று மணி நேரமாகிறது. சர்வரின் கடிகாரம் பிரான்ஸ் நேரத்தில் இருந்து, அதிகாலை 6 மணிக்கு ஒரு காப்புப் பிரதிப் பணி வைக்கப்பட்டிருந்தால், செப்டம்பரில் அது நம் 8 மணிக்கு, யாரும் வருமுன் ஓடி முடிந்திருக்கும். இப்போது சரியாக 9 மணிக்குத் தொடங்கும். காப்புப் பிரதி தரவுக் கோப்புகளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும்போது அவை அத்தனையும் கேஷுக்குள் வந்து, பில் போடுவதற்குத் தேவையான பக்கங்களை வெளியே தள்ளக்கூடும். க்ரான் அட்டவணையையும் சிஸ்டம்டி (லினக்சில் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் நிரல்) டைமர்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நீங்கள் சேமிக்கும் பதிவுகளில் உள்ள நேரமும் பிரான்ஸ் நேரமாக இருக்கலாம் என்பதை ஒப்பிடும்போது மறந்துவிடக் கூடாது.

அப்படி ஒரு பணி அகப்பட்டால், டைமரில் நேரத்தோடு இண்டியன்/மொரீஷியஸ் என்ற நேர மண்டலத்தையும் சேர்த்து நம் நள்ளிரவுக்குப் பின் மாற்றிவிடுங்கள். பிரான்சின் கடிகாரம் எப்படி மாறினாலும் அது நகராது. அதோடு, அந்தப் பணியின் சிஸ்டம்டி சேவையில் மெமரிஹை என்னும் நினைவக வரம்பை 512 எம்பி என்று வையுங்கள். ஒரு கோப்புப் பக்கத்தை முதலில் கேஷுக்குக் கொண்டுவந்த குழுவின் (இங்கே, அந்தச் சேவையின்) கணக்கிலேயே அது எழுதப்படுவதால், வரம்பை எட்டியதும் காப்புப் பணி தன் பக்கங்களையே மீட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெசின் பக்கங்களில் கை வைக்காது.

பணி எதுவும் அகப்படாமல், அலாக்ஸ்டால் மட்டும் திடீர் திடீரென்று எழுந்து ரீஃபால்ட் அமைதியாக இருந்தால், கேஸ்வாப்டி தாமதமாக விழிக்கிறது என்று கொள்ளலாம். வாட்டர்மார்க் ஸ்கேல் ஃபேக்டர் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 10. அதாவது மட்டங்களுக்கு இடையே நினைவகத்தின் 0.1 சதவீதம், உங்களிடம் சுமார் 8 எம்பி. கெர்னல் இதையும் மின் மட்டத்தின் கால் பங்கையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளும் என்பதால், உண்மையான மட்டங்களை ப்ராக் அடைவின் ஸோன்இன்ஃபோ கோப்பில் பார்த்துவிட்டு, மதிப்பை 100 வரை உயர்த்திப் பாருங்கள். ஸ்வாப்பை அணைத்துவிடும்படி யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். ஸ்வாப் இல்லாவிட்டால் ப்ராசஸ்களின் சொந்தத் தரவுப் பக்கங்களை வெளியேற்ற இடமில்லாமல், மீட்பின் சுமை முழுவதும் கோப்புப் பக்கங்களின் மேல், நிரல்களின் குறிமுறைப் பக்கங்கள் உட்பட, விழும்.

கூடுதல் நினைவகம் பற்றி: பணியின் நேரத்தை மாற்றிய பிறகு ஒரு வாரப் பதிவுகளைப் பாருங்கள். ரீஃபால்ட்டும் பிரஷர் கோப்பின் ஃபுல் வரியும் வேலை நேரம் முழுவதும் உயர்ந்தே இருந்தால், மூன்று கிளைகளின் அன்றாடத் தரவு 8 ஜிபிக்குள் அடங்கவில்லை என்பது உறுதி. அப்போது 16 ஜிபிக்குத் தயங்காமல் போகலாம். ஒன்பது மணிக் கூர்முனை மட்டும் மறைந்து மற்ற நேரம் முன்போலவே அமைதியாக இருந்தால், அந்தப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.