பழைய கணுக்கால் முறிவு, இப்போது வலியும் வீக்கமும்: எண்ணெயா, ஆபரேஷனா?

கேள்வி: நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 43. 15 வருஷத்துக்கு முன்பு பைக்கில் இருந்து விழுந்து வலது கணுக்கால் முறிந்தது. புத்தூர் கட்டு போட்டு இரண்டு மாதத்தில் நடந்துவிட்டேன். ஒரு வருஷமாகக் காலையில் எழுந்ததும் காலை ஊன்ற முடியவில்லை. படி இறங்கினால் முன்பக்கம் குத்துகிறது, சாயங்காலம் வீங்குகிறது. எண்ணெய் தேய்த்தால் சரியாகுமா, ஆபரேஷன்தான் வழியா?

பதில்:

இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் வேலை எக்ஸ்ரே, அதுவும் நின்றபடி. சீட்டு எழுதும்போதே "நிற்க வைத்து, இரண்டு காலும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுத்தால் உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது. குருத்தெலும்பு தேய்ந்து, எலும்புகளுக்கு நடுவே குறைந்துபோன இடைவெளிகூட நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

முழங்கால் வயதானாலே தேயும். கணுக்கால் அப்படியில்லை. அதில் தேய்மானம் வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்காவது பழைய முறிவோ, திரும்பத் திரும்ப வந்த சுளுக்கோ இருக்கும். பாதத்தின் உச்சியில் இருக்கும் டேலஸ் என்ற எலும்பு, மேலே காலின் பெரிய எலும்பும் இருபுறமும் கணுக்களுமாக அமைந்த பள்ளத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. வெளிக்கணு எலும்பு கொஞ்சம் குட்டையாகவோ திரும்பியோ ஒட்டிவிட்டால் டேலஸ் வெளிப்பக்கம் நகரும். 1976-ல் வந்த ஓர் ஆய்வில், 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைவதாக அளந்தார்கள். அதே பாரம் சிறிய இடத்தில் விழ, குருத்தெலும்பு வருஷக்கணக்கில் அரைபடுகிறது.

புத்தூர் கட்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டி, நேராக முறிந்த எலும்பு ஒட்டி நடந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். மூட்டுக்குள் போகும் முறிவுதான் வேறு ஜாதி. அங்கே மில்லிமீட்டர் கணக்கு. வெளியிலிருந்து கட்டி அதைப் பிடிக்க முடியாது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தவர்களுக்கும் தேய்மானம் வருவதுண்டு, ஏனென்றால் விழுந்த அன்றே குருத்தெலும்பு நசுங்கியிருக்கும்.

படி இறங்கும்போது முன்பக்கம் குத்துவது, அங்கே எலும்பு முள் வளர்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பாதம் மேல்நோக்கி மடங்கும்போது இரண்டு எலும்பும் முன்னால் இடித்துக்கொள்ளும். குந்தி உட்கார்ந்தால், மேட்டில் ஏறினால் அதே இடத்தில் வலிக்கிறதா பாருங்கள். வலித்தால், கெண்டைச்சதையை இழுத்து நீட்டும் பயிற்சியை அளவோடு செய்யுங்கள். பின்னால் இழுப்பது தெரியலாம், முன்னால் குத்தக் கூடாது. எலும்பு இடிப்பதை இழுத்து நீக்க முடியாது.

இனி செருப்பு. மாத்திரையைவிட அதிகப் பலன் இதில்தான். மூட்டு எவ்வளவு குறைவாக மடங்குகிறதோ அவ்வளவு குறைவாக வலிக்கும். ஹவாய் செருப்பை இரண்டு கையால் மடித்தால் பாதியாக மடங்கும். அது உங்களுக்கு ஆகாது. நடுவில் மடங்காத கெட்டி அடி கொண்ட, கணுவுக்கு மேல் வரை கட்டும் ஷூ வாங்குங்கள். அடியில் கெட்டி ரப்பர் ஷீட் ஒட்டி, விரல்களுக்குக் கொஞ்சம் பின்னால் தடிப்பு அதிகமாகவும் நுனியில் சரிந்தும் வருமாறு செதுக்கித் தரச் சொன்னால், கால் படகுபோல உருண்டு முன்னே போகும், கணு மடங்க வேண்டியதில்லை. முன்பக்கக் குத்தலுக்கு உள்ளே குதிகாலின் கீழ் 6 முதல் 10 மில்லிமீட்டர் உயரம் வையுங்கள். எதை ஏற்றினாலும் இடது ஷூவிலும் அதே உயரம் வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு பேசும். எம்.சி.ஆர் செருப்பு மெத்தென்று இருக்கும், குதிகாலுக்கு நல்லது. கணுவுக்கு அது மட்டும் போதாது.

துணி உறை வீக்கத்தைப் பிடிக்கும், ஆட்டத்தை நிறுத்தாது. கயிறு கட்டி இறுக்கும் கணுக்கால் பிரேஸ் வாங்கி ஷிப்ட் நேரத்தில் போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். தறிக்கு முன்னால் சிமெண்ட் தரையில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது உட்கார ஒரு ஸ்டூல் வையுங்கள். அறுந்த இழை முடிய மட்டும் எழுந்தால் போதும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இறங்கும்போது அதிகமாக மடங்குவது மேல்படியில் நிற்கும் காலின் கணுதான். அது நல்ல காலாக இருக்கட்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால் 365 படியும் இறங்காதீர்கள். மலைக்கு வண்டிப்பாதை இருக்கிறது, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊன்றுகோல் பிடிப்பதானால் இடது கையில் பிடியுங்கள். வலித்த கால் பக்கமே பிடிப்பது எல்லோரும் செய்யும் தப்பு.

முறிவெண்ணெய் தேய்த்தால் கெண்டைச்சதை தளரும், இதமாக இருக்கும். தேய்ந்தது வளராது. கணுவைப் பிடித்துத் திருகி "சொடுக்கு எடுக்க" யாரையும் விடாதீர்கள். கணு தோலுக்கு அருகில் இருப்பதால் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பார்க்கலாம். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் கிட்னியும் கெடும். கடையில் பெயரில்லாமல் பொட்டலமாகத் தருவதில் ஸ்டீராய்டு இருப்பதும் உண்டு. டாக்டர் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தாங்கும். சொந்த ரத்தத்தில் எடுத்துப் போடும் பி.ஆர்.பி ஊசிக்குச் செலவழிக்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2021-ல் நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரிடம் சோதித்தபோது, வெறும் உப்புநீர் ஊசியைவிட அது மேலாக வேலை செய்யவில்லை.

மூன்று மாதம் இதெல்லாம் செய்தும் வேலை ஓடவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். இடைவெளி இன்னும் இருந்து முள் மட்டும் இடித்தால், சிறு துளை வழியாக அதைச் செதுக்கி எடுக்கலாம். எலும்பு கோணலாக ஒட்டியிருந்தால், குருத்தெலும்பு மிச்சமிருக்கும்போதே வெட்டி நேராக்கலாம். இதைத் தள்ளிப்போட்டால் வாய்ப்பு போய்விடும். முழுக்கத் தேய்ந்திருந்தால் மூட்டை ஸ்க்ரூ போட்டு ஒட்டவைப்பது, அல்லது செயற்கை மூட்டு. 2022-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஒரு வருஷம் கழித்து இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான் தந்தன. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 50 வயதுக்கு மேற்பட்டவர்கள். 43 வயதில், நாள் முழுக்க நின்று உழைக்கிறவருக்கு ஒட்டவைப்பதையே பெரும்பாலும் சொல்வார்கள், ஏனென்றால் செயற்கை மூட்டும் தேயும். ஒட்டவைத்தால் ஆறு வாரம் போலக் காலை ஊன்றக் கூடாது, தறிக்குத் திரும்ப மூன்று நான்கு மாதம் ஆகும். அதன்பின் சமதரையில் நன்றாக நடக்கலாம், குந்தி உட்கார முடியாது. வருஷங்கள் போனால் அதற்குக் கீழே உள்ள மூட்டு தேயலாம். பீடி, சிகரெட் இருந்தால் முன்கூட்டியே விட்டாக வேண்டும், புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

உங்கள் ஊரில் இருந்து திருப்பதி பேர்ட் மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் எட்டும் தூரம்தான். ஆந்திர ரேஷன் கார்டா, தமிழ்நாட்டுக் கார்டா என்பதைப் பொறுத்துக் காப்பீடு மாறும். எந்தக் கார்டை எடுப்பார்கள் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: சர்க்கரை வியாதி இருந்து, பாதம் சூடாகச் சிவந்து வீங்கி, வலி மட்டும் குறைவாக இருந்தால் அது இந்தத் தேய்மானமாக இருக்காது. காலை ஊன்றாமல் அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சலோடு கணு வீங்கினாலும் அப்படியே.