வலிப்பு வந்தால் ஓட்டுநர் உரிமம் போய்விடுமா? திரும்பக் கிடைக்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: ‘ஒருமுறை வலிப்பு வந்தவருடைய ஓட்டுநர் உரிமத்தை இடைநிறுத்தி விடுவார்களா? உடம்பு தேறிய பின் அதைத் திரும்பப் பெற என்ன செய்ய வேண்டும்?’

நான் வழக்கறிஞரோ மருத்துவரோ அல்ல. வீரவநல்லூரில் குடியிருந்துகொண்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்து உரக்கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று விதை ஆர்டர் எடுக்கும் விற்பனையாளன். 44 வயதில் எனக்கு வலிப்பு வந்தது. ஓராண்டுக் காலம் வண்டியைத் தொடாமல் இருந்து, அதன் பிறகு உரிமத்தைப் புதுப்பித்து, இப்போது மறுபடியும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஓராண்டில் படித்தும் அலைந்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். சேரன்மகாதேவியில் ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது, தரையில் கிடந்த என் வலது கையில் யாரோ திணித்திருந்த சாவிக்கொத்து. கடைக்காரர் என் தோளைப் பிடித்து, “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அப்படியே ஒருக்களிச்சுப் படுங்க, எந்திக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரும்பைக் கையில் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை என்பதும், அவர் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்ததுதான் சரியான உதவி என்பதும் பின்னால் மருத்துவர் சொல்லித் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மனத்தில் வேறொன்றுதான் ஓடியது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான் கன்னடியன் கால்வாயை ஒட்டிய பாதையில் வந்துகொண்டிருந்தேன். கால்வாய் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த மாதம் அது.

பாளையங்கோட்டையில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையில் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. அதுவே வலிப்புக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று மாத்திரை தொடங்கினார். “ஒரு வருஷத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது” என்றும் சொன்னார். அது என்ன கணக்கு என்று கேட்டேன். இந்தியச் சட்டத்தில் இத்தனை மாதம் என்று எண்ணிக்கை எதுவும் கிடையாது என்றும், அதனால் வெளிநாட்டு வழக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வதாகவும் விளக்கினார். இங்கிலாந்தில் கார், மோட்டார் சைக்கிள் உரிமம் வைத்திருப்பவர், வலிப்பு நோய் உறுதியாகியிருந்தால், 12 மாதம் வலிப்பின்றி இருந்தாக வேண்டும். காரணம் ஏதும் புலப்படாமல் ஒரே ஒருமுறை வந்து, பரிசோதனைகளிலும் ஒன்றும் அகப்படாவிட்டால் 6 மாதம். பேருந்து, லாரி ஓட்டுபவராக இருந்தால் கணக்கே வேறு: வலிப்பு நோய் உள்ளவர் மாத்திரையும் இல்லாமல், வலிப்பும் இல்லாமல் 10 ஆண்டுகள் கழித்தாக வேண்டும். எனக்குத் தழும்பு இருந்ததால் 6 மாதத்தை மறந்துவிடச் சொன்னார்.

இங்கே நான் செய்த ஒரு காரியம்தான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது. ஓட்டக் கூடாது என்பதை வாயால் சொன்னதோடு விடாமல், கடைசியாக வலிப்பு வந்த தேதியையும், எந்தத் தேதி முதல் ஓட்டக் கூடாது என்பதையும் ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். “எல்லாரும் எழுதாதீங்கன்னுதான் கேப்பாங்க” என்று அவர் சிரித்தார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 16-ஆம் பிரிவுதான் உங்கள் கேள்விக்கு நேரான இடம். உரிமம் வைத்திருப்பவர் நோயாலோ உடற்குறையாலோ வண்டி ஓட்டத் தகுதியற்றவராக இருக்கிறார் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரி எந்த நேரத்திலும் அதை ரத்து செய்யலாம். அல்லது உரிமத்தைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமானால் மருத்துவச் சான்று கொண்டு வா என்று நிபந்தனை விதிக்கலாம். ஆகவே நோய்க்கென்று ‘இத்தனை மாத இடைநிறுத்தம்’ என்ற நடுவழி அந்தப் பிரிவில் இல்லை. மூன்று மாதம் உரிமம் இடைநிறுத்தம் என்று நாம் செய்தித்தாளில் படிப்பதெல்லாம் அதிவேகம், குடிபோதை போன்ற குற்றங்களுக்கானவை. நோயாளியை அந்த வரிசையில் நிறுத்தவில்லை என்பது ஒருவகையில் ஆறுதல்.

ரத்து செய்வதையும் வாய்மொழியாகச் செய்துவிட முடியாது. 17-ஆம் பிரிவின்படி, காரணங்களை எழுத்தில் குறிப்பிட்டு ஆணையாகத் தர வேண்டும். ஆணை கைக்கு வந்ததும் உரிமத்தை ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்புக்கொள்ள இயலாதென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கவுன்ட்டரில் இருப்பவர் “உங்களுக்கெல்லாம் லைசென்ஸ் கிடையாது” என்று சொல்லி அனுப்பினால், அதைக் காரணத்தோடு எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் மேல்முறையீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வலிப்பு வந்தது போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரியவே தெரியாது. நோயாளியைப் பற்றிப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமை எதையும் மோட்டார் வாகனச் சட்டம் மருத்துவருக்கு விதிக்கவில்லை. விபத்து நடந்தாலோ யாரேனும் புகார் கொடுத்தாலோ நாமாகச் சொன்னாலோ ஒழிய 16-ஆம் பிரிவு கண் திறப்பதில்லை. என் உரிமம் எந்த ஆணையாலும் நிறுத்தப்படவில்லை, நானேதான் நிறுத்திக்கொண்டேன். உரிமம் பையில் இருக்கும்போது ஓட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு 186-ஆம் பிரிவு பதில் வைத்திருக்கிறது. பொதுமக்களுக்கு ஆபத்தாக முடியும் நோய் தனக்கு இருப்பதை அறிந்தே பொது இடத்தில் வண்டி ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல்முறை ரூ.1,000 வரை, அடுத்த முறை ரூ.2,000 வரை அபராதம். தொகை சிறியதுதான். ஆனால் ஓர் உயிர் போயிருந்தால், ‘அறிந்தே ஓட்டினான்’ என்ற ஒரு சொல் அந்த வழக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்த ஓராண்டில் செங்கோட்டை பாசஞ்சரும் பாபநாசம் பேருந்தும்தான் எனக்கு வாகனம். முதலாளி என்னைக் களத்திலிருந்து எடுத்துக் கிடங்குக் கணக்கில் உட்கார வைத்தார்; கமிஷன் போயிற்று, சம்பளம் மட்டும் மிஞ்சியது.

இதற்கிடையில் என் உரிமமே காலாவதியாகும் நாள் வந்துவிட்டது. 24 வயதில் எடுத்த உரிமம் அது. பழைய சட்டப்படி 20 ஆண்டுகள், அல்லது 50 வயது, எது முந்தியோ அதுவரை செல்லும். எனக்கு 20 ஆண்டுகள் முந்திக்கொண்டன. வலிப்பு வந்து மூன்றாம் மாதம் அது முடிந்தது. பதற்றத்தோடு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் விசாரித்தேன். அங்கிருந்தவர் படிவத்தைக்கூடப் பார்க்காமல், “எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க அண்ணாச்சி, இத யாரு பாக்கா?” என்றார்.

படிவம் 1 என்பது நம் உடல்நிலையைப் பற்றி நாமே தரும் உறுதிமொழி. வலிப்போ, எந்தக் காரணத்தாலும் திடீரென்று நினைவிழப்போ தலைசுற்றலோ உண்டா என்பதுதான் அதில் முதல் கேள்வி. 25 மீட்டர் தூரத்தில் வண்டி எண்ணைப் படிக்க முடிகிறதா, நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான். மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1அ-வோ, தூரப் பார்வை, கேட்கும் திறன், கை கால் மூட்டுகள் ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்திப் பரிசோதித்ததாகச் சான்று கூறுகிறது. பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணையும் காதையும் மருத்துவர் பார்த்துவிடலாம்; வலிப்பை எப்படிப் பார்ப்பார்? ஆக, நாம் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் அதைப் பிடிக்க இந்த ஏற்பாட்டில் வேறு ஆளே இல்லை. அந்தப் பயிற்சிப் பள்ளிக்காரர் சொன்னது முழு உண்மை என்பதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

எனக்கு உதவியது 15-ஆம் பிரிவு. உரிமம் முடிவதற்கு ஓராண்டு முன்பிலிருந்து, முடிந்த பின் ஓராண்டு வரை புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டும் கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக வேண்டும். நான் கணக்குப் போட்டேன்: மருத்துவர் சொன்ன 12 மாதம் முடியும்போது, உரிமம் காலாவதியாகி 9 மாதம் ஆகியிருக்கும், கையில் மூன்று மாதம் மிச்சம். எனவே அவசரப்பட்டுப் பொய் எழுதத் தேவையே இல்லை என்று தெளிந்தது. காலாவதியான உரிமத்தோடு வண்டியை எடுக்கக் கூடாது என்பது வேறு செய்தி. நான்தான் எடுக்கவே போவதில்லையே.

பன்னிரண்டாம் மாதம் முடிந்ததும் மருத்துவர் மறுபடி பரிசோதித்து, கடைசி வலிப்பின் தேதி, அதன் பிறகு வலிப்பில்லாத காலம், சாப்பிடும் மாத்திரையும் அளவும், சொந்த வாகனம் ஓட்டத் தகுதியானவர் என்ற கருத்து ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதையும் பழைய ஓ.பி. சீட்டையும் படிவம் 1அ-வோடு சேர்த்துக்கொண்டு, படிவம் 1-இல் ‘ஆம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் அதை வாங்கிய எழுத்தர் ‘ஆம்’ என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தவறுதலாக எழுதிவிட்டேனோ என்று கேட்டார். இல்லை என்றதும், இப்படி ஒரு விண்ணப்பத்தை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன். மூன்றாம் முறை அதிகாரியையே பார்த்து, நோய் இருப்பதாலேயே மறுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, பொதுமக்களுக்கு ஆபத்தாக முடியக்கூடிய நோயாக இருந்தால்தான் மறுக்கச் சொல்கிறது என்பதை எடுத்துக் கூறினேன். அவர் இரண்டு தாள்களையும் தேதி தேதியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பச்சை மையில் கையெழுத்திட்டார். இப்போதைய சட்டப்படி 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவருக்குப் புதுப்பித்தால் 10 ஆண்டுகள்; ஆகவே என் 55 வயது வரை கவலை இல்லை.

என் கதை இவ்வளவு நேராக முடிந்ததற்குக் காரணம், நான் வாடகை வண்டி ஓட்டுபவன் அல்ல என்பது. என் அக்காள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார், இன்சுலின் போடுகிறவர். ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்றே தெரியாமல் நிறுத்தியிருக்கிறார். வேனின் டேஷ்போர்டில் கடலைமிட்டாய் எப்போதும் இருக்கும். “மிட்டாய் இருக்குல்லா, அப்புறம் என்ன?” என்பார். அந்த நேரத்தில் வேண்டியது குளுக்கோஸ் போல உடனே ஏறும் இனிப்பு. கடலைமிட்டாய் மெதுவாகத்தான் ஏறும். இன்சுலின் போடுபவர்களுக்கு இங்கிலாந்தில் சொல்லப்படும் நெறி, ஓட்டத் தொடங்குமுன் சர்க்கரை 90 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது. இறங்கிப்போனால், சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட மணி அந்த 45 நிமிடத்தைத் தராது. வேன், பேருந்து போன்றவற்றை வாடகைக்கு ஓட்டுவதற்கான போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்கப்பட வேண்டியது. அடுத்த புதுப்பித்தல் வருமுன் அத்தான் தாமாகவே வேனை விட்டுவிட்டார். மகனுடைய கடையில் உட்கார்ந்திருக்கிறார். விட்டது சரி என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் காலையில் வேன் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுகிறார் என்று அக்காள் சொல்கிறாள்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருப்பவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் வேன் ஓட்டுபவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. வண்டியை விட்டால் அன்றைக்கே அடுப்பு அணையும் என்ற நிலையில் இருப்பவரிடம் படிவத்தில் உண்மையை எழுது என்று சொல்வது எனக்குச் சொல்வதைப்போல எளிதல்ல.

உங்கள் கேள்வியில் உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதும், அது சொந்த வாகனத்துக்கானதா, போக்குவரத்து வாகனத்துக்கானதா என்பதும் இல்லை. முதலில் அட்டையை எடுத்து அந்த இரண்டையும் பாருங்கள். ஏற்கெனவே ரத்து ஆணை வந்துவிட்டதென்றால், அது உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து 30 நாளை எண்ணுங்கள். வரவில்லையென்றால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கடைசி வலிப்பின் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; நாளைக்கு அதிகாரி ஒப்பிட்டுப் பார்க்கப்போவது அந்தத் தேதியைத்தான்.