'நிறுத்த முடியாதும்மா' என்றால் நம்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. தேசிய சேவை, தெக்கோங் தீவின் ராணுவப் பயிற்சி முகாமில் இருக்கிறான். சனிக்கிழமை புக் அவுட் ஆகி (முகாமிலிருந்து விடுப்பில்) வந்ததும் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு ஹாலில் 'டயாப்லோ 4' என்ற வீடியோ கேம் விளையாட உட்கார்ந்துவிடுவான். ஒரே பேய், பிசாசு, ரத்தம்! சாப்பிடக் கூப்பிட்டால், "பாதியில நிறுத்த முடியாதும்மா" என்கிறான். 11 வயதுத் தம்பியும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறான். அவர்கள் அப்பாவோ, "விடு" என்கிறார். கண்ட்ரோலரை ஒளித்து வைக்கட்டுமா?
– ஈசூன் வாசகி

பதில்: ஒளித்து வைக்காதீர்கள், சகோதரி. வாரம் முழுக்க சார்ஜன்ட் சொன்ன நேரத்துக்கு எழுந்து, சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வருகிற பிள்ளை. வீட்டிலும் பறிமுதல் என்றால், அடுத்த வாரம் நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான்.

அவன் சொல்வது பொய்யுமில்லை. இது இணையத்தோடு இணைந்தே ஓடும் ஆட்டம். தனியாக ஆடினாலும் நிறுத்தி வைக்க வழி கிடையாது. பாதியில் எழுந்து போனால் அரக்கர்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். 'ஹார்ட்கோர்' பாத்திரம் என்றால் இன்னும் மோசம். ஒரு தடவை செத்தால் போச்சு, வாரக்கணக்கில் வளர்த்ததெல்லாம் அதோடு போகும். அந்த நேரத்தில் உங்கள் மீன் குழம்பு வாசம் அவன் மூக்கில் ஏறாது.

ஆனால் முழு உண்மையும் அல்ல. ஆட்டத்துக்குள் இருக்கும் ஊருக்குத் திரும்ப 'டவுன் போர்ட்டல்' என்று ஒன்று உண்டு. சுற்றி நிற்கும் கூட்டத்தை வெட்டித் தள்ளிவிட்டுச் சில விநாடி அசையாமல் நின்றால் வாசல் திறக்கும். ஊருக்குள் எந்தப் பேயும் வராது. அரக்கர் தலைவனோடு மல்லுக்கட்டும்போது மட்டும் இது சரிப்படாது.

அதனால் "இப்பவே வா" வேண்டாம். குக்கரைத் தட்டிவிடும்போதே, "இந்த டஞ்சன் முடிஞ்சதும் சாப்பாடு" என்று சொல்லி வையுங்கள் (டஞ்சன் என்றால் அரக்கர்கள் நிறைந்த நிலவறை). மறுபடி கூப்பிடுமுன் திரையை ஒரு பார்வை பாருங்கள். கொல்லன் பட்டறையில் நின்று பழைய கவசத்தை உடைத்துக்கொண்டிருக்கிறானா? அப்படியென்றால் ஊருக்குள்தான் இருக்கிறான். சாக்குச் சொல்ல இடமே இல்லை, தைரியமாகத் தட்டை வையுங்கள்.

தம்பி விஷயத்தில் நான் கறார். இங்கே எம்18 முத்திரை உள்ள ஆட்டத்தை 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது. உறையைப் பாருங்கள். முத்திரை எதுவானாலும், குடல் சிதறும் காட்சி 11 வயதுக்கு வேண்டாம். தம்பி விழித்திருக்கும்வரை ஹாலில் இந்த ஆட்டம் இல்லை என்று பெரியவனிடம் சொல்லுங்கள். அண்ணன் கேட்டுக்கொள்வான்.

"விடு" என்கிற உங்கள் வீட்டுக்காரர்மேல் எனக்கொரு சந்தேகம். டயாப்லோவின் இரண்டாம் பாகம் வந்தது 2000இல். அப்போது லேன் கடைகளில் (கணினி விளையாட்டுக் கடைகளில்) பழியாய்க் கிடந்த இளைஞர்களில் அவரும் ஒருவரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்! கேம் கன்சோல் என்றால் இரண்டாவது கண்ட்ரோலரை மாட்டி ஒரே டிவியில் இருவர் சேர்ந்து ஆடலாம். அப்பாவுக்கு நெக்ரோமான்சர் என்ற மந்திரவாதிப் பாத்திரம் தோதுப்படும். எலும்புக்கூட்டுப் படை முன்னால் போய்ச் சண்டை போடும், இவர் பின்னால் நிற்கலாம். மகன் ஏற்கெனவே வளர்த்த பழைய பாத்திரத்தைக் கொண்டுவந்தால், அவன் பின்னால் ஓடுவதே அப்பாவுக்கு வேலையாகிவிடும். இருவரும் முதல் லெவலிலிருந்து புதிதாகத் தொடங்கட்டும். இரண்டாமவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். அதை வெள்ளிக்கிழமையே திறந்து வைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு தேடியே சனிக்கிழமை போய்விடக்கூடாது.