இமயத்துப் பனியாறுகள்: கேள்வி பதில்

கேள்வி: பெய்யும் பனி எவ்வாறு பனியாறாகிறது?

பதில்: கோடையில் உருகுவதைவிடப் பெய்வது மிகுதியாக உள்ள உயரங்களில், ஒவ்வோர் ஆண்டின் பனியும் முந்தைய ஆண்டின் பனியை அழுத்துகிறது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றே. ஒரு கன மீட்டர் 100 கிலோவைக்கூட எட்டாமல் இருக்கலாம். அழுத்தத்தில் படிகங்களின் முனைகள் மழுங்கி, அது நாட்டுச் சர்க்கரைபோல் மணிமணியாகிறது. இந்நிலைக்கு ஃபிர்ன் என்று பெயர். ஒரு கன மீட்டரின் எடை ஏறத்தாழ 830 கிலோவைத் தொடும்போது காற்று வழிகள் அடைபட்டுக் குமிழ்களாகச் சிறைப்படுகின்றன. அப்போதுதான் அது பனிக்கட்டி. ஈரமான மலைகளில் இதற்குச் சில பத்தாண்டுகள் போதும். வறண்டு உறைந்த அண்டார்க்டிக்காவின் உட்பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவை. அக்கட்டி தன் எடையாலேயே உருமாறி நகரத் தொடங்கினால்தான் அது பனியாறு.

கேள்வி: தேர்வுக்காக வகைகளைச் சொல்லுங்கள்.

பதில்: நிலம் பனியை அடக்குகிறதா, பனி நிலத்தை மூடுகிறதா என்று பாருங்கள். மலைக்குடைவில் தங்குவது ஒரு வகை. ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள கங்கோத்ரிபோல் பள்ளத்தாக்கில் இறங்குவது மற்றொன்று. அலாஸ்காவின் மலாஸ்பினாபோல் அடிவாரச் சமவெளியில் விரிவது இன்னொன்று. நிலத்தை மூடுபவற்றில் 50,000 சதுர கி.மீ.க்கு உட்பட்டது பனிக்கவிகை, மிஞ்சியது பனிவிரிப்பு. இன்று பனிவிரிப்புகள் இரண்டே: அண்டார்க்டிக்கா, கிரீன்லாந்து. கங்கோத்ரிக்குச் செல்வோர், அப்பனியாறு முடியும் இடமான கோமுகத்துப் பனிச்சுவரின் அடியில் நிற்க வேண்டாம். கட்டிகள் சொல்லாமல் விழும்.

கேள்வி: செய்தித்தாள்கள் பனிப்பாறை என்றே எழுதும்போது நீங்கள் மட்டும் ஏன் பனியாறு என்கிறீர்கள்?

பதில்: பாறை என்றதும் அசையாத ஒன்று மனத்தில் நிற்கிறது, பிறகு அது வெடித்தது என்று சொன்னாலும் நம்பிவிடுகிறோம். 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் பனிப்பாறை வெடித்ததாகவே பலரும் எழுதினார்கள். உண்மையில் ரோண்டி சிகரத்தின் வடமுகத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தன.

கேள்வி: பாறையும் பனியும் கலந்து விழுந்ததென்றால், பனிப்பாறை என்பது பொருத்தமான சொல்தானே?

பதில்: சாமர்த்தியமான வாதம்; ஆனால் விழுந்ததில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் பாறை. அதோடு, கடலில் மிதக்கும் கட்டியையும் நீங்கள் பனிப்பாறை என்றுதான் சொல்கிறீர்கள். பனியாற்றின் முனை உடைந்து கடலில் விழுவதை ‘பனிப்பாறையிலிருந்து பனிப்பாறை பிரிந்தது’ என்றா எழுதுவீர்கள்?

கேள்வி: வழக்கில் நிலைத்த சொல்லை மாற்ற நீங்கள் யார்?

பதில்: மாற்றவில்லை, குழப்பத்தைக் காட்டினேன். அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: இமயத்தில் கோடையிலும் பனி சேருமா?

பதில்: நல்ல கேள்வி. நடு, கிழக்கு இமயத்தில் பருவமழைக் காலமே முதன்மையான பனிப்பொழிவுக் காலம். சேர்வதும் உருகுவதும் ஒரே பருவத்தில் நடக்கின்றன. எனவே வெப்பம் சற்றே கூடினாலும் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. வரவு குறைகிறது, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் போர்வையும் இல்லாமல் செலவு கூடுகிறது. இமயத்தின் வடமேற்கே உள்ள காரகோரம் மலைத்தொடர் பெரிதும் குளிர்கால மேற்கத்தியக் காற்றை நம்பியிருப்பதால் அங்கு நிலைமை வேறு.

கேள்வி: பனிப்பாறை எப்படி உருவாகிறது?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: கோமுகத்தில் மிக அருகில் நின்று படம் எடுக்கலாமா?

பதில்: கூடாது. மேலே சொல்லியிருக்கிறேன்.