கண்ணாடி முகப்புக்குள் காற்று நுழையுமா?

முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

திருநெல்வேலி வாசகர்: மானிட்டர் நீங்கலாக 60,000 ரூபாய் வைத்திருக்கிறேன். ஒரு கடையில் நான்காம் தலைமுறை ஐ7 பிராசஸர் (இன்டெல் தயாரிப்பு) உள்ள செட்டைக் காட்டி, "ஐ7 இருந்தால் எந்த கேமும் ஓடும்" என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அந்தத் தலைமுறையின் ஐ7-4770 வெளிவந்தது 2013-இல். நான்கு கோர் (வேலை செய்யும் மையங்கள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). 2022-இல் வந்த ஐ3-12100எஃப்-இலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் பழையதை எங்கோ விட்டுவிட்டு ஓடும். 'ஐ'க்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை விட, அதற்கு அடுத்து வரும் எண்ணைத்தான் (4770-இல் 4, 12100-இல் 12; அதுதான் தலைமுறை) பார்க்க வேண்டும். நான்காம் தலைமுறை விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலிலும் இல்லை.

கேமுக்கு முதல் செலவு கிராஃபிக்ஸ் கார்டு. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போகட்டும். 1080பி திரைக்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600 போதும்: 8 ஜிபி மெமரி, 132 வாட், ஒரே ஒரு எட்டு பின் கனெக்டர். விலை குறைகிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். மெமரி 4 ஜிபி. பிசிஐஇ பாதையும் (கார்டு மதர்போர்டோடு பேசும் வழி) நான்கே லேன். பிசிஐஇ 3.0 (வேகம் குறைந்த முந்தைய பதிப்பு) மட்டும் உள்ள பழைய போர்டில் போட்டால் இன்னும் தடுமாறும்.

அதற்குத் துணையாக ரைசன் 5 5600 பிராசஸர்: ஆறு கோர், 65 வாட், கூலர் பெட்டிக்குள்ளேயே வரும். மதர்போர்டு பி550. பி450 மலிவுதான், ஆனால் பழைய சரக்காக இருந்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5600-ஐ ஏற்காது. கடையிலேயே அப்டேட் செய்து, திரையில் படம் வருவதைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். ரேம் 16 ஜிபி. என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) 1 டிபி முடிந்தால் நல்லது; இன்றைய பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபிக்கு மேல் கேட்கின்றன. விலைகள் அடிக்கடி ஏறி இறங்குகின்றன. பட்ஜெட் இடித்தால் 500 ஜிபிக்கு இறங்குங்கள், விளக்கு வைத்த ஃபேன்களை விடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் கை வைக்காதீர்கள்.

கேபினட்டோடு 'இலவசமாக' வரும் எஸ்எம்பிஎஸ்தான் இந்தத் தொழிலில் பெரிய ஏமாற்று. மேலே 450 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கத்தில் உள்ள லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்றால் 216 வாட்தான். கார்டும் பிராசஸரும் மட்டுமே 200 வாட்டை நெருங்கும். கேம் நடுவே கம்ப்யூட்டர் சட்டென்று அணையும். தரமான 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்திறன் சான்று) எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

மதுரை வாசகர்: மொட்டை மாடிக்குக் கீழே என் அறை. மார்கழியில் 76 டிகிரி காட்டிய 5600, சித்திரையில் 88 காட்டுகிறது. லிக்விட் கூலர் போட்டால் சரியாகுமா?

அறை 26 டிகிரியிலிருந்து 38-க்கு ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ அதே 12 டிகிரி ஏறும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்தச் சில்லின் வரம்பு 90 டிகிரி; அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. லிக்விட் கூலரும் சூட்டை அதே அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. 38 டிகிரி அறையில் அதனால் அதிசயம் நடக்காது.

முதலில் காசில்லாத சோதனை. கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அதே கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எட்டுப் பத்து டிகிரி இறங்கினால் குற்றம் கூலரில் இல்லை, கேபினட்டில். முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்களில் முன் ஃபேன்கள் எதை இழுக்கும்? ஓரத்து இடுக்கில் வருவதைத்தான். வலை முகப்பு உள்ளதை வாங்கி, முன்னால் இரண்டு 120 மிமீ ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள வையுங்கள். ஃபேனில் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். சந்தேகமிருந்தால் டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் மேசையில் அடியில் ஒரு மரப்பெட்டி இருக்குமே, கேபினட்டை அதற்குள் தள்ளவே கூடாது. பின்னால் வெளியேறும் சூடு சுற்றி வந்து முன்வழியே உள்ளே போகும்.

கதவைத் திறந்தும் இறங்கவில்லையா? அப்போதுதான் கூலரைப் பாருங்கள். ஹீட்சிங்க்கில் (கூலரின் உலோகத் தகடுகள்) தூசி அடைத்திருக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். கூலரைக் கழற்றுவதானால், ஐந்து நிமிடம் கேம் ஓட்டி, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பேஸ்ட்டை இளக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின் இடமும் வலமும் லேசாகத் திருகி எடுங்கள். நேரே மேலே இழுத்தால் ஏஎம்4 (5600 பொருந்தும் சாக்கெட்) பிராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதிது வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் நான்கு ஹீட்பைப் (சூடு கடத்தும் குழாய்), ஒரு 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் தாராளம். கேபினட் அந்த உயரத்தைத் தாங்குமா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். வெயில் மாதங்களில் பயாஸில் ஈகோ மோடை (பிராசஸர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு) 45 வாட்டுக்கு வைத்தால், கேமில் பெரிய வித்தியாசம் தெரியாமல் சூடு குறையும். மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 முறை படம் மாறும்) என்றால் கேமின் ஃபிரேமையும் 75-இல் நிறுத்துங்கள். திரை காட்டாத ஃபிரேமுக்கு எதற்கு வியர்க்க வேண்டும்?

ஈரோடு வாசகி: ஒரே 16 ஜிபி ரேமா, இரண்டு 8 ஜிபியா?

இரண்டு. பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகுங்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் 3200 என்று காசு கொடுத்த ரேம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும்.

தஞ்சாவூர் வாசகர்: 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் இருக்கிறது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டரும் அணைந்துவிடுகிறது. கேம் ஆடாதபோது மட்டும் தாங்குகிறது. ஏன்?

600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 300 வாட்டை நெருங்குவீர்கள். கார்டு கண நேரம் அதற்கு மேலும் இழுக்கும். பேட்டரி பழையதென்றால் சொல்லவே வேண்டாம். 1000 விஏ, 600 வாட் எடுங்கள். அது கேமை 'சேவ்' செய்து அணைக்கத்தான், ஆடி முடிக்க அல்ல. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்றால் எர்த் இல்லை என்று பொருள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடலூர் வாசகர்: புதிதாகக் கோத்த 5600 கம்ப்யூட்டரில் ஃபேன் எல்லாம் சுழல்கிறது, திரை மட்டும் கருப்பு.

எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. கேபிள் கார்டில்தான் போக வேண்டும். அது சரியாக இருந்தால், போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான எட்டு பின் கேபிளைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் ரேமை எடுத்து, 'டக்' என்று இரு முனையும் பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள்.