த்ராட்டில் கொடுத்ததும் ரிமோட் கார் வளைவை விட்டு விலகுகிறதா? முன் டிரூப்பைக் குறையுங்கள்

முன் சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம் இரண்டிலும் டிரூப் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகுங்கள். டிரூப் என்பது சேசிஸ் (காரின் அடித்தட்டு) உயரும்போது சக்கரம் கீழே தொங்கக்கூடிய அளவு; உள்ளே திருகினால் அது குறையும். உங்கள் 1/10 அளவு டூரிங் கார் வளைவுக்குள் நன்றாக நுழைகிறது, த்ராட்டில் கொடுக்கும்போது மட்டும் வெளியே ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஸ்டியரிங் பக்கம் போகவே வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: வேகமெடுக்கும்போது எடை பின்னுக்குப் போய், பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்குகிறது. முன் டயரின் பிடி குறைகிறது.

சோதிக்க, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பாரைக் கழற்றிவிட்டு, பேட்டரியோடு காரைச் சமதளத்தில் வையுங்கள். முன் பம்பரை நட்டநடுவில் ஒரு விரலால் மெல்லத் தூக்குங்கள். டயர் தரையை விடும் கணத்தில் சேசிஸ் எத்தனை மி.மீ. உயர்ந்திருக்கிறது? 5 இருந்தால் 3-க்குக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு டயரும் ஒன்றாக எழ வேண்டும். ஒன்று முந்தினால் இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் இன்னொரு குணம் என்று கார் பாடாய்ப்படுத்தும்.

போதவில்லையென்றால் பின் ஸ்பிரிங்கை ஒரு படி கடினமானதாக மாற்றி, ரைடு ஹைட்டை (தரையிலிருந்து சேசிஸின் உயரம்) மறுபடி சரிசெய்யுங்கள். டிரூப், ஸ்பிரிங் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்றே தெரியாது.

மேடுபள்ளமான டிராக் என்றால் கால் சுற்றோடு நிறுத்துங்கள். டிரூப் குறைந்த டயர் பள்ளத்தில் இறங்காமல் துள்ளும். பின் ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கடினமானால் வால் வழுக்கும்.